சுவிட்சை நாலு தடவைக்கு மேல் தொடாதீர்கள்

பிரேக் வேலை பார்க்கிறவனை வண்டி ஒழுங்காக நிற்கிறவரைக்கும் ஒருத்தரும் நினைப்பதில்லை. நிற்காத அன்றைக்குத்தான் போன் வரும். பழங்காநத்தத்தில் கடை போட்டு இருபத்தாறு வருஷமாக நான் அந்தப் போனை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் சேகர். ஊரில் பிரேக் சேகர் என்றால்தான் தெரியும்.

ஹேண்ட் பிரேக் என் காதுக்கே அத்துப்படி. லீவரைத் தூக்கும்போது உள்ளே எத்தனை பல் ஏறுகிறது என்பதைக் கடை வாசலில் இருந்தபடியே எண்ணிவிடுவேன். ஐந்து என்றால் சரி. ஒன்பது என்றால் கேபிள் தொய்ந்துவிட்டது, வண்டியை உள்ளே விடுங்கள். இப்படி நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருந்தபோது கார் கம்பெனிக்காரர்கள் லீவரையே பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சுவிட்சை வைத்துவிட்டார்கள். தூக்கினால் பின்சக்கரத்தில் 'ங்ஙொய்' என்று இரண்டு நொடி சத்தம் வரும், வண்டி பிடித்துக்கொள்ளும். அமுக்கினால் அதே சத்தம், விட்டுவிடும். சுவிட்சு வண்டி வாங்கி முழித்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, உங்களுக்கு இருந்த அதே பயம்தான் எனக்கும் இருந்தது. நீங்கள் அதை வெளியே சொல்லிக்கொள்ளலாம். நான் சொன்னால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

முதல் வண்டி

என் கடைக்கு வந்த முதல் சுவிட்சு வண்டி செல்வராணி டீச்சருடையது. பேரையூர்க்காரர். திருமங்கலம் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் சயின்ஸ் எடுக்கிறார். பழைய வண்டி இருந்த காலத்திலிருந்தே என்னிடம்தான் வருவார். பின் பிரேக்கில் பேடு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. தேய்ந்த பேடை எடுத்துவிட்டுப் புதுசைப் போட இடம் வேண்டும். அதற்கு உள்ளே இருக்கிற பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். ஆயிரம் வண்டியில், திருகத் திருக அமுக்குகிற சி கிளாம்ப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். இதிலும் போட்டேன். போகவில்லை. எனக்கா போகாது என்று இன்னும் இரண்டு திருகு திருகினேன். 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. அத்தனை வருஷத்தில் நான் கேட்காத சத்தம். எல்லாவற்றையும் மாட்டிவிட்டுச் சுவிட்சைத் தூக்கினால் இடது பக்கம் 'ங்ஙொய்' என்றது. வலது பக்கம் கரகர என்று சும்மா சுற்றியது.

பிரேக்கை இறுக்குகிற குட்டி மோட்டார் போய்விட்டது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறதாம்; முதலில் மோட்டாரையே பின்னால் சுற்ற வைத்து, பிஸ்டனுக்கு வழிவிட்ட பிறகுதான் தள்ள வேண்டுமாம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் வேறு ஒன்று வந்தது: "யாரோ சும்மா சும்மா சுவிட்சைப் போட்டுப் போட்டு எடுத்திருக்காங்க டீச்சர், அதான் மோட்டார் தாங்கல." டீச்சர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, எங்கள் வீட்டுக்காரர்தான், இப்போதுதான் கார் ஓட்டப் பழகுகிறார், விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி அதையே தூக்கித் தூக்கிப் பார்ப்பார் என்றார். அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். குருட்டாம்போக்கில் நான் பொய்யை எறிந்த இடத்தில் நிஜமாகவே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். மனசு உறுத்தியதால் புது மோட்டாரை என் செலவிலேயே போட்டுக் கொடுத்தேன். அதற்கு அவர் எனக்குப் பெரிய மனசு என்று வேறு சொல்லிவிட்டு, போகும்போது கையை நீட்டினார்.

"அந்தப் பழைய மோட்டாரக் குடுங்க சேகரு. எங்க லேப்ல ஒடஞ்ச சாமானுக்குன்னே ஒரு அலமாரி வச்சிருக்கேன்."

காதர் பாய் கேட்ட கேள்வி

பக்கத்துக் கடை காதர் பாய் கார் எலக்ட்ரீசியன். எங்கள் இருவருக்கும் இருபது வருஷமாக எல்லை தெளிவு. வயர் இருந்தால் அவர், வயர் இல்லாவிட்டால் நான். இடையில் சுவர்கூடத் தேவைப்படவில்லை. இப்போது பின்சக்கரத்துக்குள்ளேயே வயர் போய்விட்டதால், இது யார் வேலை என்று தகராறு வந்தது. சக்கரத்தைக் கழற்றுகிறவன் நான்தானே என்றேன் நான். மோட்டாரை ஓட்டுகிற ஸ்கேனர் என்னிடம்தானே இருக்கிறது என்றார் அவர். அந்த ஸ்கேனரை வண்டியில் மாட்டினால் எந்தப் பழுதுக்கு என்ன நம்பர் என்று திரையில் காட்டும். மோட்டாரைப் பின்னால் போ, முன்னால் வா என்று கட்டளையும் இடலாம்.

டீச்சர் வண்டி போய் நாலு நாள் கழித்து, அதை எப்படிச் செய்வது என்று பேச்சுவாக்கில் விசாரிப்பது மாதிரி அவரிடம் விசாரித்தேன். ஒரு டீ முழுக்கச் சொல்லித்தந்தார். முதலில் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடு, ஏனென்றால் மோட்டார் பின்னால் போய்விட்டால் வண்டியைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. பிறகு ஸ்கேனர், பிறகு ஸ்பானர். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு கம்ப்யூட்டர் வைத்தும் கடைசியில் தெருவில் கிடக்கிற கல்லுக்குத்தான் வந்து நிற்கிறார்கள். இன்னும் கேட்டேன். உள்ளே எத்தனை பல் சக்கரம், பெல்ட் இருக்கிறதா, பிளாஸ்டிக்கா இரும்பா. மோட்டாரைப் பிரித்தே பார்த்ததில்லை என்றார். என் கையில் ஒரு உடைந்த மோட்டார் இருந்ததே, அதையும் கொடுத்துவிட்டோமே என்று அப்போது வயிறு எரிந்தது. காதர் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"யார் வண்டியில ஒடச்ச மாப்ள?"

பாயசத்துக்கு முன்னால்

நம்ம ஊரில் நெருக்கடியான இடத்தில் கார் நிறுத்துவதற்கு ஒரு மரியாதை உண்டு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. நியூட்ரலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அடுத்தவன் வண்டி எடுக்கும்போது நாலு பேர் சேர்ந்து நம் வண்டியைத் தள்ளிவிட்டுக்கொள்வார்கள். நாம் பந்தியில் இருக்கலாம், அசம்பாவிதம் எதுவும் கிடையாது. ஒரு கல்யாணத்தில் பாயசம் என் இலைக்கு இரண்டு இலை தூரத்தில் வந்துகொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பொண்ணு மாப்பிள்ளை கோயிலுக்குப் போகிற காருக்குக் குறுக்கே ஒரு புது வண்டி. எட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளுகிறார்கள், ஒரு அங்குலம் நகரவில்லை.

போய்ப் பார்த்தால் சுவிட்சு வண்டி. இந்த ரகத்தில் இன்ஜினை நிறுத்தின உடனே பிரேக்கை அதுவே போட்டுக்கொள்ளும். வண்டிக்காரர் நியூட்ரலில்தான் விட்டேன் என்று சாதிக்கிறார். அவர் சொன்னதும் உண்மைதான். கியர் நியூட்ரலில் இருந்தது, பிரேக் தன் பாட்டுக்குப் பிடித்திருந்தது. அவரை உட்கார வைத்து, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சுவிட்சை அமுக்கச் சொன்னேன்; 'ங்ஙொய்' என்று விட்டது. மாப்பிள்ளை கார் போனது. நான் திரும்பி வந்தபோது என் இலையை எடுத்துவிட்டார்கள். கேட்டில் நின்ற வாட்ச்மேன் தாத்தா மட்டும் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"முன்னாடியெல்லாம் வண்டி ஊருக்கு வளைஞ்சு குடுக்கும். இது ஓனரு பேச்சத் தவிர வேற யாரு பேச்சையும் கேக்க மாட்டேங்குது."

பஸ்ஸில் வந்தவர்

டீச்சர் வண்டி போய் ஒரு மாதம் இருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருவர் தயங்கித் தயங்கிக் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சப்பை. பெருமாள், பருத்தி விவசாயம், செல்வராணி டீச்சர் வீட்டுக்காரர் என்று சொன்னார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். என்னால் உங்களுக்குச் செலவு, நான் வேண்டுமென்று செய்யவில்லை தம்பி என்றார். ஐம்பத்தைந்து வயதில் கார் பழகியிருக்கிறார். இப்போது வீட்டில் சாவியைத் தருவதில்லை. டீச்சருக்குக் கோபம் எல்லாம் இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வண்டி நின்றுவிடக் கூடாதே என்ற பயம். கார் மாதிரி டிராக்டரை ஓட்டலாம், காரை டிராக்டர் மாதிரி ஓட்டக் கூடாது என்று டீச்சர் அவரிடம் சொன்னாராம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும், அன்பர்களே. தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் மெதுவாகக் கேட்டார்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுவிட்சைத் தொட்டால் கெடாது என்று ஒரு கணக்குச் சொல்லிவிட்டால், அந்தக் கணக்குக்குள் இருந்துகொள்கிறேன், வீட்டிலும் சாவி கேட்டுப் பார்க்கிறேன். கெஞ்சுகிற மனுஷனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. நாலு தடவை என்றேன். எங்கிருந்து வந்தது அந்த நாலு என்று இன்றைக்கும் தெரியாது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த மாதிரி அவர் தலையாட்டி, விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"வீட்டுல எடுக்கையில ஒண்ணு, உரக்கடையில நிப்பாட்டையில ஒண்ணு, திரும்பி எடுக்கையில ஒண்ணு, வீட்டுல விடையில ஒண்ணு. சரியாப் போச்சு தம்பி. நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

எலுமிச்சம்பழம்

அதற்கப்புறம் சுவிட்சு வண்டி எங்கே மக்கர் செய்தாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். வேலைக்காக மட்டும் இல்லை. அந்தச் சத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு முனியசாமி கோயிலில் புது வண்டிக்குப் பூஜை. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, நல்ல நேரம் முடிய பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்று போன். வண்டிக்காரர் ஒரு ஆபீஸர். அவர் மனைவி முகம் வெளிறிவிட்டது, சாமிக்கு இந்த வண்டி பிடிக்கவில்லையோ என்று. பைக்கை விரட்டிக்கொண்டு போனேன்.

என் கண் முன்னால் அந்த ஆபீஸர் வண்டியை மறுபடி எடுக்கப் பார்த்தார். நாம் எல்லோரும் செய்கிற மாதிரியேதான் செய்தார். கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே போட்டு, உடம்பைச் சாய்த்து, பழத்தின் மேல் சக்கரம் ஏறுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டிக்கு எலுமிச்சம்பழம் தெரியாது. அதற்குத் தெரிந்தது, டிரைவர் கதவு திறந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை, ஆள் இறங்கப் போகிறார் என்பது மட்டும்தான். அதனால் பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்துங்கள், பெல்ட்டைப் போடுங்கள் என்றேன். சாத்தினால் பழம் தெரியாதே என்றார். பூசாரிக்குப் பொறுமை போய்விட்டது. குனிந்து கண்ணாடி வழியாகச் சொன்னார்.

"பழத்த நான் பாத்துக்கிறேன் சார். நீங்க ரோட்டப் பாருங்க, அதுக்குத்தான சாமி கும்பிட வந்தீங்க."

டிபன் பாக்ஸ்

இரண்டு வருஷம் கழித்து டீச்சர் மறுபடி வந்தார். பின் பேடு மறுபடி தேய்ந்திருந்தது. இந்தத் தடவை பக்கத்து சீட்டில் பெருமாள் அண்ணன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வேலை முடியட்டும், சொல்கிறேன். கல்லை முட்டுக் கொடுத்தேன். காதர் பாய் ஸ்கேனரை மாட்டி மோட்டாரைப் பின்னால் போகச் சொன்னார். 'ங்ஙொ...ய்' என்று வழக்கத்தைவிட நீளமாக ஒரு சத்தம். அதற்கப்புறம் கிளாம்பைப் போட்டால் பிஸ்டன் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. முதல் வண்டியில் நான் யாரோடு மல்லுக்கட்டினேன் என்று அப்போது முழுசாகப் புரிந்தது. புது பேடைப் போட்டு, மோட்டாரை முன்னால் வரச் சொன்னோம். இரண்டு சக்கரமும் பிடித்தன. வேலை முடிந்தது. இன்னும் ஒரு டீ குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று பட்டது.

டீச்சர் பையிலிருந்து ஒரு பழைய டிபன் பாக்ஸை எடுத்து என் மேஜையில் வைத்துத் திறந்தார். எங்கள் ஸ்கூல் பிள்ளைகள் போன மாதம் கண்காட்சிக்காக ஒரு சாமானைப் பிரித்தார்கள், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். உள்ளே பஞ்சு விரித்து ஒவ்வொரு துண்டாக அடுக்கியிருந்தது. நான் இரண்டு வருஷமாகக் கனவு கண்ட மோட்டார். ஒரு சின்ன பெல்ட், பெரிய வெள்ளைப் பல் சக்கரம், அதற்குள் மூன்று குட்டிச் சக்கரங்கள். மோட்டார் பல சுற்றுச் சுற்றினால்தான் பிஸ்டன் மயிரிழை நகரும் என்று டீச்சர் விளக்கினார். அவ்வளவு சின்ன மோட்டாருக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். ஒரு சக்கரத்தில் இரண்டு பல் முறிந்து மொட்டையாக இருந்தது. இது ஏன் இப்படி என்று டீச்சர் கேட்டார். கண்ணை எடுக்காமலே சொன்னேன்: "இது மோட்டாரப் பின்னால விடாம கிளாம்ப் போட்டு அமுக்குனதுல ஒடஞ்சது டீச்சர்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. ஸ்கேனர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த காதர் பாயின் கை நின்றுவிட்டது. பெருமாள் அண்ணன் அந்தப் பல் சக்கரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "எங்க புள்ளைகளும் இதத்தான் சொல்லுச்சுக. தேஞ்சிருந்தா பழக்கத்துல போனது, ஒடஞ்சிருந்தா யாரோ பலம் காட்டுனது. பல்லு ஒண்ணுகூடத் தேயல சேகரு." ஒத்துக்கொண்டேன். தெரியாமல் செய்தேன், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன், அந்த நாலு தடவையும் பொய்தான் என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னேன். இவ்வளவும் தெரிந்து ஏன் மறுபடி என்னிடமே வண்டியைக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். புது ஆளிடம் போனால் அவர் முதல் தடவை உடைப்பது என் வண்டியாகத்தான் இருக்கும், நீங்கள் உடைத்து முடித்துவிட்டீர்கள் என்றார் டீச்சர்.

பெருமாள் அண்ணன் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. இரண்டு வருஷமாக அவர் உரக்கடைக்குப் போகிற வழியில் எங்கேயும் நின்றதில்லை. தெரிந்தவர் கை காட்டினாலும் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவாராம். அவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஊரில் பேச்சாம். டீச்சர் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவிட்சைத் தூக்கினார், அமுக்கினார், மறுபடி தூக்கினார், அமுக்கினார். ஐந்தாவது தடவை விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, குழந்தை மாதிரி கேட்டார்.

"அப்ப டீக்கடையில நிக்கலாமா தம்பி?"

வண்டியில் எந்தப் பழுது வந்தாலும் காதர் பாயின் ஸ்கேனரில் அதற்கு ஒரு நம்பர் வருகிறது. மெக்கானிக் சொன்ன பொய்க்கு மட்டும் நம்பர் வருவதில்லை, அதற்கு ஒரு டீச்சர் டிபன் பாக்ஸோடு வர வேண்டியிருக்கிறது.